துணைவர் திடமாகத்தான் இருப்பாரா?

“அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) இருந்தால் பிள்ளைக்கும் கட்டாயம் வரும், மனம் தடுமாறுவது நோயாளிக்கு மட்டும்தான், துணைவர் திடமாகத்தான் இருப்பார்” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம். பொதுவாக எல்லோருக்கும் உள்ள 1 சதவீதத்தைவிட அதிகம்தான், சரி. ஆனால் பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை.

இரண்டாவதுதான் எனக்கு உறுத்துகிறது. கணவர் இரண்டு நாளாகத் தூங்கவில்லையே, மறுபடி தொடங்குகிறதோ என்று நள்ளிரவில் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பார்க்கிற மனைவியை நினைத்துப் பாருங்கள். காலையில் பிள்ளை தண்ணீரைக் கொட்டியதும் வெடித்துவிடுகிறார். அப்புறம் தனியே உட்கார்ந்து அழுகிறார். அது குணக்கேடு இல்லை, தூக்கமின்மையும் பயமும். துணைவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருப்பதை மருத்துவர்கள் எப்போதோ கவனித்துவிட்டார்கள். டென்மார்க்கில் ஏழு வயதுப் பிள்ளைகள் 522 பேரோடு தொடங்கிய ஆய்வில், நோயுள்ள பெற்றோரோடு பிள்ளையின் மற்றப் பெற்றோரையும் சேர்த்தே பரிசோதித்தார்கள்.

நோயுள்ளவர் எந்நேரமும் கொந்தளிப்பவரும் இல்லை. மிகை உற்சாகமும் கடும் சோர்வும் மாறிமாறி வரும் பைபோலார் நோயில், இடைப்பட்ட மாதங்களில் பலர் நிதானமாகவே இருப்பார்கள். ஸ்கிசோஃப்ரினியாவில் பலரிடம் கொந்தளிப்புக்கு நேரெதிர்: உள்ளே பாசம் இருந்தும் முகத்தில் ஒன்றும் தெரியாது. ஓவியத்தை நீட்டும் குழந்தை அந்த முகத்தைப் பார்த்து, ‘அப்பாவுக்கு என்மேல் கோபம்’ என்றே எடுத்துக்கொள்ளும். அது நோயால் என்று யாராவது அதனிடம் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, துணைவர் தன் தூக்கத்தைப் பற்றியும் பேசட்டும்.