மைக்ரோசாஃப்ட் கட்டாத பில்லு

(சங்கரன்கோவில் பக்கம் ஒரு இரும்புக் கடை. கல்லாவில் அண்ணாச்சி. பின்னால் தினசரி காலண்டர். அதன் அட்டை ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல்: வண்டி எஃப்.சி., தராசு முத்திரை, கடை லைசென்ஸ். கடையின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் சுடலை பில்லோடு வருகிறான்.)

அண்ணாச்சி: போன வருசம்தானல குடுத்தேன். மறுபடி எதுக்கு?

சுடலை: டொமைனுக்கு அண்ணாச்சி. கடைப் பேரு, பின்னால டாட் காம். அது கிரயம் இல்ல, வருச வாடகை.

அண்ணாச்சி: கட்டலைன்னா?

சுடலை: மைக்ரோசாஃப்ட்டுக்கு ஆன கதிதான்.

அண்ணாச்சி: அவங்கிட்ட இல்லாத காசால?

சுடலை: காசு இருந்துச்சு, கட்டுறதுக்கு ஞாபகம் இல்ல. 1999 கிறிஸ்துமஸ் சமயம். அவங்க நடத்துன ஹாட்மெயில்ங்கிற இ-மெயிலுக்குள்ள போகணும்னா பாஸ்போர்ட் டாட் காம்ங்கிற வாசல் வழியாத்தான் போகணும். அந்தப் பேருக்கு 35 டாலர் கட்ட விட்டுட்டாங்க. வாசல் அடைச்சிக்கிட்டு, ஜனங்க வெளிய நிக்காங்க.

அண்ணாச்சி: பில் கேட்ஸு செருப்புகூடப் போடாம ஓடியாந்து கட்டியிருப்பாரு.

சுடலை: கட்டுனது ஒரு லினக்ஸ்காரரு. லினக்ஸ்னா விண்டோஸுக்குப் போட்டி சாஃப்ட்வேரு, மைக்ரோசாஃப்ட்டுக்கு எதிர்க்கட்சின்னு வச்சுக்கோங்க. பண்டிகை நாளும் அதுவுமா தன் கிரெடிட் கார்டைத் தேய்ச்சிட்டாரு. அப்ப யாரு பில்லை யாரு வேணும்னாலும் கட்டலாம்.

அண்ணாச்சி: பக்கத்துக் கடை கரண்டு பில்லை நான் கட்டுனாப்ல.

சுடலை: அதேதான். கட்டுனதாலக் கடை உங்களுது ஆயிராதுல்லா? பேரு அவங்க பேருலயேதான் இருந்துச்சு. பெறகு நன்றின்னு 500 டாலருக்குச் செக் அனுப்புனாங்க.

அண்ணாச்சி: நல்ல வட்டி. அதோட புத்தி வந்திருக்கும்.

சுடலை: 2003ல ஹாட்மெயில் டாட் கோ டாட் யூகேயைக் கோட்டை விட்டாங்க.

அண்ணாச்சி: (பில்லை இப்போதுதான் கையில் வாங்குகிறார்) அவ்வளவு பெரிய கம்பெனியில இதுக்குன்னு ஒரு கணக்குப்பிள்ளை கெடையாதா?

சுடலை: இந்த மாதிரி எடத்துல பொதுவா என்ன நடக்கும்னா, பேரு வாங்குனவன் தன் மெயில் ஐடியைக் குடுத்திருப்பான். காலாவதிக்கு ஒரு மாசம் முன்ன ஒரு கடுதாசி, ஒரு வாரம் முன்ன ஒண்ணு, எல்லாம் அவனுக்குத்தான் போகும். அவன் வேலைய விட்டுட்டுப் போயிருப்பான். கணக்கு ஆபீசுக்கே வந்தாலும், இதே அச்சுல ஏமாத்துக்காரன் அனுப்புற போலி பில்லும் வரும். ரெண்டையும் சேத்துக் கிழிச்சுப் போடுவாங்க. இதைவிடக் கூத்து, அந்த மெயில் ஐடியும் அதே டொமைன்லயே இருந்தா, பேரு நின்னதும் மெயிலும் நின்னுரும். ‘உம்ம பேரு காலாவதி’ங்கிற கடுதாசியே வந்து சேராது.

அண்ணாச்சி: சாவிய உள்ள வச்சுப் பூட்டுன கதை. ஒரு நாள் பிந்துனா பேரு போயிருமால?

சுடலை: டாட் காம்னா உடனே போகாது. பேரைப் பதிஞ்சு குடுத்த கம்பெனி மனசு வச்சா 45 நாள் வரைக்கும் பழைய ரேட்டுலயே கட்டலாம். அப்புறம் 30 நாள், அபராதத்தோட. அடுத்த 5 நாள் யாரும் தொட முடியாது. ஆறாவது நாள், பிடிக்கிறதுக்குன்னே மெஷின் வச்சுக் காத்துக் கெடக்கவன் கொத்திட்டுப் போயிருவான்.

அண்ணாச்சி: நகைக்கடன் ஏலந்தான்.

சுடலை: பேரு மட்டும் இருந்தாலும் பத்தாது. சர்டிபிகேட்டுன்னு ஒண்ணு இருக்கு. உங்க தராசுல முத்திரை போட்டிருக்கில்லா, அது மாதிரி. இது அசல் ஆளுதான்னு தேதியோட சொல்லும்.

அண்ணாச்சி: முத்திரை முடிஞ்சாலும் தராசு நிறுக்கும்ல. ஆபீசர் வந்தாத்தான் வம்பு.

சுடலை: இங்க தராசே படுத்துரும். 2018 டிசம்பர் 6, செல்போன் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் சாமான் செஞ்சு குடுக்கிற எரிக்சனோட சாஃப்ட்வேர்ல ஒரு சர்டிபிகேட் தேதி முடிஞ்சுது. இங்கிலாந்துல ஓ2, ஜப்பான்ல சாஃப்ட்பேங்க், ரெண்டு செல்போன் கம்பெனியும் அவுட்டு. லண்டன் பஸ் ஸ்டாப்ல அடுத்த பஸ் எப்பன்னு காட்டுற போர்டுகூட அணைஞ்சு போச்சு.

அண்ணாச்சி: நம்ம ஊர்ல போர்டே இல்ல. அணையுற பயமும் இல்ல.

சுடலை: எக்விஃபாக்ஸ் கேளுங்க. அமெரிக்காவுல ஆளாளுக்குக் கடன் ஜாதகம் வச்சிருக்க கம்பெனி. உள்ள வெளிய போற டேட்டாவைப் பிரிச்சுப் பாக்க ஒரு மெஷின் வச்சிருந்தாங்க. அதோட சர்டிபிகேட் முடிஞ்சு 19 மாசம். மெஷின் ஓடுது, லைட்டும் எரியுது, ஆனா ஒண்ணையும் பிரிச்சுப் பாக்கல.

அண்ணாச்சி: வாட்ச்மேன் நாற்காலியில உக்காந்துதான் இருக்கான். கண்ணு மட்டும் மூடியிருக்கு.

சுடலை: அந்தக் கெடுவுல, 2017ல திருடன் உள்ள வந்து 76 நாள் இருந்து அள்ளிட்டுப் போயிட்டான். 14 கோடி பேருக்கு மேல. ஜூலை 29 ராத்திரி சர்டிபிகேட்டை மாத்துனாங்க. மாத்துன ஒடனே, ‘யாரோ ஒருத்தன் மூட்டையோட போறானே’ன்னு மெஷின் காட்டுது.

அண்ணாச்சி: மாத்துறதுக்கு எம்புட்டு நேரம்ல ஆகும்?

சுடலை: அஞ்சு நிமிசம். அதுலயும் கோட்டை விடுவாங்க. புது ஃபைலைக் கொண்டுபோய் வச்சிட்டு வீட்டுக்குப் போயிருவான். வெப்சைட்டை ஓட்டுற கம்ப்யூட்டரு, அதான் சர்வரு, காலையில படிச்ச பழசையே கையில வச்சிருக்கும். ரீலோடு குடுத்தாத்தான் புதுசைப் பாக்கும்.

அண்ணாச்சி: புது வெலைப்பட்டியலை எழுதி டிராயருக்குள்ள வச்ச மாதிரி. பையன் பழைய வெலையேதான் சொல்லிக்கிட்டு நிப்பான்.

சுடலை: நாலு சர்வர்ல மூணை மாத்தி ஒண்ணை விட்டாங்கன்னா இன்னும் கொடுமை. வாரவன்ல சில பேருக்கு மட்டும் எரர் வரும். நீங்க போன் போட்டா, ‘எனக்கு நல்லாத்தானே தெரியுது’ம்பான்.

அண்ணாச்சி: பத்து வருசத்துக்கு மொத்தமா முத்திரை குத்திட்டா என்னல?

சுடலை: பேரை வேணும்னா 10 வருசத்துக்குக் கட்டலாம். சர்டிபிகேட்டைக் கொறைச்சுக்கிட்டே வாராங்க. 2026 மார்ச் 15லேர்ந்து அதிகபட்சம் 200 நாள், 2027ல 100, 2029ல 47.

அண்ணாச்சி: நாப்பத்தேழா! லேகியமே ஒரு மண்டலம் சாப்பிடச் சொல்லுதான், 48 நாளு. மருந்து முடியுறதுக்கு முன்ன உன் சர்டிபிகேட் முடிஞ்சிருமேல!

சுடலை: அதுக்குத்தான் மெஷினே தானா புதுப்பிக்கிற மாதிரி வச்சிருக்கேன். டொமைனும் தானா ரினியூ ஆயிரும். நீங்க காலண்டர்ல எழுதவே வேண்டாம். என் கார்டுல காசு போயிரும், நான் உங்ககிட்ட வாங்கிக்கிடுவேன்.

அண்ணாச்சி: கார்டுல கீழ சின்னதா ஒரு தேதி போட்டிருக்குமே.

(சுடலை பர்ஸைத் திறந்து கார்டை எடுக்கிறான். ட்யூப்லைட் பக்கம் திருப்பிப் பார்க்கிறான். காலண்டரைப் பார்க்கிறான். மறுபடி கார்டைப் பார்க்கிறான்.)

அண்ணாச்சி: எந்த மாசம்ல?

சுடலை: ...இந்த மாசந்தான் அண்ணாச்சி.

(அண்ணாச்சி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, எஃப்.சி.க்கும் தராசு முத்திரைக்கும் நடுவில் கிடந்த இடத்தில் எழுதுகிறார்: ‘சுடலை கார்டு’.)