'அந்த வயது' என்று சிரித்தவர்களுக்கு

அந்தப் பட்டிமன்ற வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "நாற்பத்தைந்து வயது மனைவி இருக்கும் வீட்டில் அடுப்பே வேண்டாம், குக்கரை அவள் பக்கத்தில் வைத்தால் விசில் வந்துவிடும்" என்றார் பேச்சாளர். அரங்கம் அதிர்ந்தது. நடுவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த பெண்களையும் கேமரா தேடிப் பிடித்துக் காட்டியது. எங்கள் குடும்பக் குழுவில் அதை முதலில் போட்டவர் என் கணவர்.

எனக்கு 46 வயது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேசியவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் ஊர் ஊராகச் சொல்லிக் கைதட்டல் வாங்கியதையே மறுபடியும் சொன்னார். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் ஒரு பெண்ணின் உடம்பு படும் பாட்டுக்குக் கோபம் என்று பெயர் வைத்த உடனேயே, ஏன் என்று கேட்பது நின்றுபோகிறது. கேட்பது நின்றால் பரிசோதனை இல்லை. பரிசோதனை இல்லையென்றால் மருந்து இல்லை. ஒரு பெண் ஐந்தாறு வருடங்கள் வீணாக அவதிப்படுகிறாள், சுற்றியிருப்பவர்கள் அதற்குச் சிரிக்கிறார்கள்.

நடப்பது என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாதவிடாய் தொடர்ந்து 12 மாதங்கள் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ். நம் நாட்டுப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. அதற்கு முந்தைய நான்கைந்து வருடங்கள், சிலருக்கு எட்டு வருடங்கள் வரைகூட நீள்வதுதான் பெரிமெனோபாஸ். அந்தக் காலத்தில் எஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஒரே சீராகக் குறைந்துகொண்டு வருவதில்லை. எங்கள் தெருவின் கோடைக்கால மின்னழுத்தம் மாதிரி ஒரு வாரம் எகிறும், அடுத்த வாரம் விழும். கருமுட்டை வெளியாகாத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் சரிவரச் சுரப்பதில்லை. அதனால் கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்து, பிறகு மொத்தமாக உடைந்து கொட்டுகிறது. மூளையில் உடல் சூட்டைக் கவனிக்கும் பகுதி, கொஞ்சம் வெப்பம் கூடினாலே பதறிப்போய் வியர்வையைத் திறந்துவிடுகிறது. தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டால் யாருக்குத்தான் முகம் மலர்ந்திருக்கும்?

இது குணம் இல்லை, உடம்பு.

நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். பாடவேளை நாற்பத்தைந்து நிமிடம். கழிப்பறை மைதானத்தைத் தாண்டி அந்தக் கோடியில் இருக்கிறது. ஒரு வருடமாக நான் புடவையை விருப்பப்பட்டு எடுப்பதில்லை. கரும்பச்சை, கருநீலம், அரக்கு இவற்றில் ஒன்றுதான். நாற்காலியில் உட்கார்ந்து எழும்போதெல்லாம் கை தானாகப் பின்பக்கம் போய் மடிப்பைத் தொட்டுப் பார்க்கும். அன்றைக்குப் பதினொன்றாம் வகுப்பில் பாதிப் பாடத்தில் 'வினையூக்கி' என்ற சொல் எனக்கு வரவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொடுக்கும் சொல். சாக்பீஸைப் பிடித்தபடி பலகையைப் பார்த்து நின்றேன். முதல் பெஞ்சுப் பெண் மெதுவாக எடுத்துக்கொடுத்தாள். மறதி நோய்தான் வந்துவிட்டது என்று அன்று இரவெல்லாம் பயந்தேன். தூக்கமின்மையாலும் ஹார்மோன் மாற்றத்தாலும் இப்படிச் சொற்கள் நழுவுவது இந்தக் காலத்தில் சகஜம், பெரும்பாலும் பிறகு சரியாகிவிடும் என்று ஒரு மருத்துவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. அதை எனக்கு அதற்கு முன்னால் யாரும் சொல்லவில்லை. பி.எஸ்சி., எம்.எஸ்சி., பி.எட். படித்த எனக்கே சொல்லவில்லை.

இனி, கீழே கமெண்டில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

"பெண்களே சிரித்தார்களே?" சிரிக்காமல் என்ன செய்வார்கள்? பக்கத்தில் கணவர், பின்வரிசையில் நாத்தனார், எதிரில் கேமரா. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "பார், குக்கர் சூடாகிவிட்டது" என்று அதையும் சொல்லிச் சிரிப்பீர்கள்.

"எங்கள் பாட்டியெல்லாம் பத்துப் பிள்ளை பெற்று வயலில் நின்றவர்கள், இதையெல்லாம் சொன்னதே இல்லை." சொன்னதில்லை என்பது உண்மை. இல்லாமல் இருந்தது என்பது உண்மையல்ல. என் அம்மா நடுராத்திரியில் கொல்லைப்புறத் துவைகல்லில் போய் உட்கார்ந்துகொள்வார். தொட்டித் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு அப்படியே இருப்பார். மார்கழி மாதத்திலும். அப்பத்தாவுக்கு அது பேய்க் கோளாறு. வெள்ளிக்கிழமைதோறும் கூட்டிப்போய் வேப்பிலை அடித்து, திருநீறு போட்டு, கையில் கயிறு கட்டிக் கூட்டிவந்தார்கள். உறவுக்காரர்கள் சிடுமூஞ்சி என்று பட்டம் கட்டினார்கள். அம்மா இறந்து வெகுகாலம் ஆகிறது. இன்றைக்கும் எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் அந்தக் கோபத்தைத்தான் சொல்கிறார்கள். ஒரு டாக்டரிடமாவது கூட்டிப்போனீர்களா என்று கேட்டால் எழுந்து பந்திக்குப் போய்விடுகிறார்கள்.

"எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் கட்டாதீர்கள்." இதில் நியாயம் இருக்கிறது. தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே களைப்பை, படபடப்பை, முடி உதிர்வைத் தரும். அதனால்தான் போய்ப் பாருங்கள் என்கிறேன். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் ரத்தசோகை. அந்த உடம்போடுதான் இந்த உதிரப்போக்கையும் தாங்குகிறோம்.

என் அண்ணி கதை அதுதான். ஒரு நாளைக்குப் பத்து நாப்கின், கட்டிகட்டியாக ரத்தம். "இந்த வயதில் அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொன்னார்கள், தெருவில் சொன்னார்கள். மாடிப்படியில் மயங்கி விழுந்தபோது ஹீமோகுளோபின் ஆறு. அப்போது கொண்டுபோன மருத்துவமனையில் முதலில் பேசியதே ஆபரேஷனைப் பற்றி. "பிள்ளை பெற்றாகிவிட்டது, இனி எதற்கு அந்தப் பை?" உதிரப்போக்கைக் குறைக்கும் மாத்திரை இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப் இருக்கிறது, சவ்விலிருந்து துளி எடுத்துப் பரிசோதிக்கலாம் என்று யாரும் மூச்சுவிடவில்லை. 43 வயதில் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். சினைப்பை போனால் மெனோபாஸ் ஒரே நாளில் வந்து உட்கார்ந்துவிடும், எலும்பு சீக்கிரம் தேயும். அதையும் சொல்லவில்லை. அவருக்குச் சினைப்பையில் எந்த நோயும் இருக்கவில்லை.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் பலர், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குப் பயந்து இளவயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019இல் நாடெங்கும் செய்தியானது. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்தில் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. இதற்கும் பட்டிமன்றத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. முதலில் கோபம் என்று சிரிக்கிறோம், பிறகு வயது என்று தள்ளிவிடுகிறோம், கடைசியில் அறுத்து எடுத்துவிடுகிறோம். எந்தக் கட்டத்திலும் அவளிடம் என்ன செய்கிறது என்று கேட்பதில்லை.

"ஹார்மோன் மாத்திரை போட்டால் புற்றுநோய் வரும்." இந்தப் பயம் வந்த கதை எனக்கும் தெரியும். 2002இல் அமெரிக்காவில் இந்த மாத்திரைகளைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வின் ஒரு பகுதியை மார்பகப் புற்றுநோய் அபாயம் காரணமாகப் பாதியில் நிறுத்தினார்கள். அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63 என்பது மட்டும் நம் ஊர் வரை வந்து சேரவில்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடங்களுக்குள் மாத்திரையைத் தொடங்கினால், வேறு தடை இல்லாத பெண்களுக்குப் பெரும்பாலும் நன்மையே மேலோங்குகிறது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்களுக்கும் பொதுவாக அது ஆகாது. ஹார்மோன் வேண்டாதவர்களுக்கும் வேறு மருந்துகள் இருக்கின்றன. முடிவு செய்ய வேண்டியவர்கள் அவளும் அவளுடைய மருத்துவரும். பக்கத்து வீட்டு மாமியும் யூடியூபும் அல்ல.

"ஆண்களுக்கும்தான் கஷ்டம், அதை யார் எழுதுகிறார்கள்?" எழுதுங்கள். நான் தடுக்கவில்லை. ஆனால் நான் என் உடம்பைப் பற்றி எழுதும்போதெல்லாம் நடுவில் வந்து ஏன் உட்காருகிறீர்கள்?

நான் வயதுக்கு வந்தபோது பந்தல் போட்டார்கள். தாய்மாமன் சீர் வந்தது, தினமும் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்து இடுப்பெலும்பு பலமாக வேண்டும் என்றார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டார்கள். இன்றைக்கு அரசே சமுதாய வளைகாப்பு நடத்துகிறது, பிரசவத்துக்கு உதவித்தொகை தருகிறது. பிள்ளை பெறும் உடம்பாக இருந்தவரை என் உடம்பு ஊருக்கே சொந்தம். இப்போதுதான் எலும்பு உண்மையிலேயே தேயத் தொடங்குகிறது. ஒரு கிண்ணம் களி கிண்டிக் கொடுக்க வீட்டில் ஆளில்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 முதல் வீட்டு வாசலுக்கு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. நல்ல திட்டம். நாற்பது தாண்டிய பெண்ணிடம் மாதவிடாய் எப்படி இருக்கிறது, இரவு தூங்குகிறீர்களா என்று கேட்பதும் அதில் கட்டாயமாக வேண்டும்.

என் கணவரைப் பற்றிக் கேட்பீர்கள். கெட்டவர் இல்லை. அவர் அந்த வீடியோவைக் கெட்ட எண்ணத்தோடு அனுப்பவில்லை, அதுதான் அதிகம் வலிக்கிறது. இரவு மூன்று மணிக்கு நான் நனைந்த நைட்டியை மாற்றிக்கொண்டு வந்து படுப்பதை ஒரே கட்டிலில் இருந்து பார்த்தவர் அவர். மின்விசிறியைக் கூட்டினால் போர்வையை இழுத்துக்கொண்டு, "உனக்கு என்னதான் பிரச்சினை" என்பார். அதையே எழுந்து உட்கார்ந்து கேள்வியாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பெண்களே, ஹீமோகுளோபின் அளவு, தைராய்டு, சர்க்கரை பாருங்கள். உதிரப்போக்கு அதிகம் என்றால் ஸ்கேன் எடுங்கள். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு பட்டாலும் அன்றே போங்கள். தள்ளிப்போகிறது என்பதற்காகக் கருத்தடையை நிறுத்திவிடாதீர்கள், இந்தக் காலத்திலும் கரு தங்கும்.

என் தங்கைக்கு 41 ஆகிறது. இரவில் விழிப்பு வந்தால் பிறகு தூக்கமே இல்லை, பிள்ளைகளிடம் எரிந்து எரிந்து விழுகிறேன் என்று போனில் அழுதாள். சனிக்கிழமை மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன். அவள் கணவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். கடையை யார் பார்ப்பது என்றார். ஒருநாள் சாத்தினால் குடிமுழுகிப் போகாது, வந்து பக்கத்தில் உட்கார்ந்து டாக்டர் சொல்வதை நீங்களும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.