ரோபோ எதிரில் நின்றாலும் திரையில் தெரிந்தாலும் ஒன்றுதானா?

“ரோபோ எதிரில் நின்றால் என்ன, திரையில் தெரிந்தால் என்ன? மனிதர்கள் ஒரே மாதிரிதான் நடந்துகொள்வார்கள்” என்று ஒரு பேச்சு சுற்றிவருகிறது. இது தவறு. பள்ளிக்கும் முதியோர் இல்லத்துக்கும் ரோபோக்களை வாங்க நினைப்பவர்கள் இதை நம்பிவிடக் கூடாது என்பதே என் கவலை.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 65 பேரை வைத்து நடந்த சோதனையைப் பாருங்கள். 2011-இல் வெளியானது. நிகோ என்ற ரோபோ சிலருக்கு எதிரிலேயே இருந்தது. மற்றவர்களுக்கு அதே ரோபோ வீடியோவில் தெரிந்தது. புத்தகங்களை எங்கே வைக்க வேண்டும் என்று அது கைகாட்ட, இரு தரப்பும் செய்தார்கள். அப்புறம் ஒரு புத்தகக் கட்டைக் காட்டிவிட்டு, குப்பைத்தொட்டியைச் சுட்டியது. புத்தகத்தைக் குப்பையில் போட யாருக்கு மனம் வரும்? ஆனாலும் ரோபோ எதிரில் இருந்தவர்கள், வீடியோவில் பார்த்தவர்களைவிட அதிகமாக அதன் சொல்லைக் கேட்டார்கள். கடந்துபோகும்போது அதற்கு இடம்விட்டு ஒதுங்கிப் போனதும் அவர்கள்தான் அதிகம்.

2012-இல் அதே பல்கலைக்கழகத்தில், கட்டங்களை நிரப்பும் புதிரை வைத்து இன்னொரு சோதனை. புதிரை விடுவிக்க ரோபோ தந்த குறிப்புகள் ஒன்றே; ஆனால் அவற்றை ரோபோவிடம் நேரில் கேட்டவர்கள், திரையில் பார்த்தவர்களைவிட வேகமாக முன்னேறினார்கள்.

சரி, அப்படியானால் எல்லாம் ரோபோவின் உடம்பு செய்யும் வேலையா? அதுவும் இல்லை. 2015-இல் 33 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, திரையில் காட்டிய நிஜ ரோபோவுக்கும் கணினியில் வரைந்த உருவத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நம்மோடு அதே அறையில் இருக்கிறதா என்பதுதான் கணக்கு.