காக்கா கூடு கட்டிய கிட்டார்

"உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்?" எலக்ட்ரிக் கிட்டார் வயரிங் செய்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தொழில் தர்மமே இந்த ஒரு வரிதான் போலிருக்கிறது. நான் பார்ப்பேன் ஐயா! பேட்டரி தீர்ந்தால் மூடியைக் கழற்றுவது நான். சத்தம் விட்டு விட்டு வந்தால் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பதும் நான்தான்.

தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றுவதுதான் பிக்கப். பேட்டரி கேட்காத சாதாரண பாசிவ் பிக்கப் என்றால் இவ்வளவு கத்த மாட்டேன். ஒரு சிக்னல் வயர், ஒரு எர்த், அவ்வளவுதான். கொஞ்சம் கோணல்மாணலாக ஓடினாலும் பிழைத்துப் போகும். ஒரே பிக்கப்பில் இரண்டு மூன்று வாய்ஸ், அதாவது வெவ்வேறு ஒலித் தன்மை, தருகிற, பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் சமாச்சாரம் அப்படியா? சிக்னல், எர்த், 9 வோல்ட் பவர், வாய்ஸ் மாற்ற ஒன்றோ இரண்டோ வயர். இது ஒரு பிக்கப்புக்கு மட்டும். இரண்டு பிக்கப் என்றால் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் பேட்டரியின் சிவப்பும் கறுப்பும், கேபிள் சொருகும் ஜாக்கில் மூன்று முனை, எந்தப் பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் செலக்டர் ஸ்விட்ச். குமிழை இழுத்தால் வாய்ஸ் மாறும் புஷ்-புல் பாட் (பாட் என்றால் குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடை) இருக்கிறதே, அதன் அடியில் தொங்கும் ஸ்விட்சில் மட்டும் ஆறு கால். எல்லாமே உள்ளங்கை அகலக் குழிக்குள் அடங்க வேண்டும். அடங்கும், வயரை அளந்து வெட்டினால் அடங்கும். ஆனால் வெட்டுவதற்குத்தான் யாருக்கும் கை வருவதில்லை.

தயாரிப்பாளர் வயரை நீளமாகக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அவருக்கு அது எந்த கிட்டாருக்குள் போகப் போகிறது என்று தெரியாது. ஒன்றில் எல்லாமே பிக்கார்டிலேயே, அதாவது முகப்பில் திருகியிருக்கும் தகட்டிலேயே, தொங்கும். இன்னொன்றில் செலக்டர் ஸ்விட்ச் மேல் தோளில் இருக்கும், மரத்துக்குள் துளைத்த நீளமான ஓட்டை வழியாக வயர் போக வேண்டும். அதனால் எல்லாருக்கும் எட்டுகிற மாதிரி தாராளமாகக் கொடுக்கிறார். மிச்சத்தை வெட்டிக்கொள்வாய் என்ற நம்பிக்கையில் கொடுக்கிறார். நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? அந்த மிச்சத்தைச் சுருட்டி, கட்டை விரலால் குழிக்குள் அமுக்கி, மூடியை வைத்து அழுத்திக்கொண்டே ஸ்க்ரூவை முடுக்குகிறார்கள். காக்கா கூட கிடைத்த கம்பியை எல்லாம் வைத்துத்தான் கூடு கட்டுகிறது, ஆனால் அதில் முட்டை வைக்கவாவது நடுவில் இடம் விடுகிறது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பிக்கப்புக்குள்ளே நடந்திருக்கும் வேலை அப்படி ஒரு ஒழுங்கு. ஃபிஷ்மேன் நிறுவனம் 2014-ல் ஃப்ளூயன்ஸ் பிக்கப்பைக் கொண்டுவந்தபோது, முடி போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும் பழைய முறையையே தூக்கிப் போட்டார்கள். அந்தக் கம்பிச் சுருள் (காயில்) முழுவதையும் சர்க்யூட் போர்டில் அச்சடித்து, தட்டுத் தட்டாக ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினார்கள். ஒரு பிக்கப்புக்கும் அடுத்த பிக்கப்புக்கும் வித்தியாசம் வரக் கூடாது என்பதற்காக இவ்வளவு மெனக்கெடல். அதை வாங்கிவந்து மாட்டுகிறவர், அதன் வால் பக்கம் வெறும் கம்பியை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுகிறார்! கொஞ்ச நாளில் அந்தப் பசை இளகி, டேப் தானாகவே கழன்று வந்துவிடும்.

என் கிட்டாரில் நடந்ததைச் சொல்கிறேன். திடீரென்று குமிழை இழுத்தாலும் அழுத்தினாலும் ஒரே வாய்ஸ். இந்த மாதிரி பிக்கப்களில் வாய்ஸ் வயரை எர்த்தோடு சேர்த்தால் இரண்டாவது வாய்ஸ், விட்டுவிட்டால் முதல் வாய்ஸ். அவ்வளவு எளிய ஏற்பாடு. மூடியைக் கழற்றிப் பார்த்தால், கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்கப்பின் வாய்ஸ் வயர் நுனியில் தோல் சீவியது சீவியபடி நீட்டிக்கொண்டிருக்கிறது. சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் உறை கிடையாது. குழிக்குள் ஒட்டியிருந்த செம்புத் தகட்டில் சாய்ந்து படுத்திருக்கிறது. அந்தத் தகடே எர்த்தோடு சேர்ந்ததுதான்! அப்புறம் ஸ்விட்சை எப்படித் தள்ளினால் என்ன, இரண்டாவது வாய்ஸ்தான் நிரந்தரம். இதற்காக ஒருவர் புஷ்-புல் பாட்டையே மாற்றச் சொன்னார்.

அதோடு விட்டதா? பேட்டரியின் சிவப்பு வயரிலும் அதே வேலை. அது தகட்டைத் தொட்டால் பேட்டரி ஷார்ட். ஆனால் கேபிள் சொருகாதவரை ஒன்றும் தெரியாது. பேட்டரியின் கறுப்பு வயர் போவது ஸ்டீரியோ ஜாக்கின் நடு வளையத்துக்கு. மோனோ பிளக்கைச் சொருகும்போது அதன் உடல் பகுதி அந்த வளையத்தையும் எர்த்தையும் சேர்த்துவிடும், அப்போதுதான் மின்சாரம் ஓடும். ஆக, மேசையில் வைத்து மீட்டர் பிடித்தால் பேட்டரி நன்றாக இருக்கும்; மேடையில் சொருகினால் செத்துப்போகும். பேட்டரி கம்பெனியைத் திட்டிக்கொண்டே திரிந்த நாட்களை யார் திருப்பித் தருவார்கள்?

"ஆக்டிவ்தானே, ஹம் வராது, வயர் எப்படி ஓடினால் என்ன?" என்று ஒரு வாதம் வேறு. பாதி உண்மை என்பதால்தான் இன்னும் எரிச்சல். பிக்கப்புக்குள்ளேயே ப்ரீஆம்ப், அதாவது சிக்னலை வலுவாக்கும் சின்னப் பெருக்கி, இருப்பதால் வெளியே வரும் சிக்னல் வலுவானது, பக்கத்தில் ஓடும் வயரின் இரைச்சலை அவ்வளவு எளிதில் வாங்காது, கேபிள் நீளத்தால் மந்தமும் ஆகாது. சரி. ஆனால் அறுந்த வயரை எந்த ப்ரீஆம்ப் ஒட்டும்?

பாட் விஷயமும் இருக்கிறது. ஆக்டிவுக்கு வழக்கமாகப் போடுவது 25 கிலோ ஓம். பழைய கிட்டாரில் இருப்பது 250 அல்லது 500. "இருக்கிறதே, எதற்குப் புதுசு" என்று அதையே விட்டுவிட்டால், வால்யூம் குமிழைத் திருகத் திருக கிட்டத்தட்ட ஒரே அளவில் நின்று, கடைசியில் பொத்தென்று விழும்.

சால்டரிங் பற்றிப் பேச ஆரம்பித்தால் ரத்தக் கொதிப்புதான். எல்லா எர்த் வயரையும் ஒரே பாட்டின் முதுகில் கொண்டுவந்து, அதன்மேல் கோலிக்குண்டு அளவுக்கு ஈயத்தைக் கொட்டி, மங்கிப்போன சாம்பல் நிறத்தில் ஒரு மலை. அது பளபளக்கவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். பெரும்பாலும் சூடு போதாமல் மேலோட்டமாக உட்கார்ந்திருக்கும். ஒரு வயரை எடுக்க அதை உருக்கினால் மற்றதெல்லாம் சேர்ந்து எழுந்து வரும். அந்தச் சூட்டில் பாட்டின் உள்ளே இருக்கும் கார்பன் தடமும் வெந்துபோக வாய்ப்புண்டு. எர்த்துக்கு ஒன்று, 9 வோல்ட்டுக்கு ஒன்று என இரண்டு சின்ன போர்டுத் துண்டுகளை ஒட்டி, வயர்களை அங்கே வரிசையாகப் பிடித்தால் தீர்ந்தது. எந்த வயரையும் தனியாகக் கழற்றலாம். பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. செய்ய மனசு வேண்டும்.

வரைபடம் போடுகிறவர்களையும் விட மாட்டேன். காகிதத்தில் வயர்கள் நேர்கோட்டில், கலர் கலராக, ஒன்றையொன்று தொடாமல் ஓடுகின்றன. எல்லாம் பின்பக்கத்திலிருந்து பார்த்து வரைந்தது என்று ஓரத்தில் எழுதினால் என்ன குறைந்துவிடும்? எந்த வயரை முதலில் ஓட்டுவது, எதை எதோடு சேர்த்து முறுக்குவது, பிக்கப்பைத் தூக்கிப் பார்க்க எவ்வளவு தளர்வு விடுவது, ஒன்றுமே இல்லை. ஆழமான புஷ்-புல் பாட் உங்கள் குழியில் இறங்குமா என்பதையும் மூடியை வைத்துப் பார்த்தபின்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மெல்லிய உடல் கொண்ட கிட்டாராக இருந்தால் பாட்டின் அடி மூடியில் முட்டும். அப்போது தனியாக ஒரு குட்டி ஸ்விட்ச் போட ஓட்டை போட வேண்டும். அதுவும் அழகாகப் பூசிய முகப்பில்!

கடைசியில் எல்லாவற்றையும் பிரித்தேன். வெட்டி, முறுக்கி, நுனிக்கு நுனி ஹீட் ஷ்ரிங்க் போட்டு, எது எந்தப் பிக்கப் என்று துண்டுச் சீட்டு ஒட்டி மூடினேன். இப்போது மூடி தானாக உட்காருகிறது, அழுத்தத் தேவையில்லை. வயரிங் முடிந்தது. ஆனால் பேட்டரி இன்னும் அதே குழிக்குள், ஸ்பாஞ்சு சுற்றிக்கொண்டு கிடக்கிறது. தனிப் பெட்டி வைக்க மரத்தைக் குடைய வேண்டும். அதுவரை ஒவ்வொரு பேட்டரிக்கும் அத்தனை ஸ்க்ரூவையும் கழற்றி மாட்ட வேண்டும். அதில் ஒன்று ஏற்கெனவே மரத்தில் பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றுகிறது. இந்த மர ஸ்க்ரூவுக்குப் பதிலாக இயந்திரத் திருகும் பித்தளை மரையும் வைத்தால் என்ன கெட்டுப்போகும் என்று யாராவது சொல்லுங்களேன்!