இந்தியாவால வந்த ஆக்கள்

2024 டிசம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்கியா அகதிகளோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரைப்பக்கம் ஒதுங்கியபோது, எங்கள் சனம் சாப்பாடும் தண்ணீரும் தூக்கிக்கொண்டு ஓடியது. முகநூல் முழுக்க அந்தப் படங்கள்தான். பெருமைப்படத்தான் வேண்டும். முதல் நாள் சோறு கொடுப்பதில் வன்னிச் சனத்தை வெல்ல ஆளில்லை. ஆறு மாதம் கழிந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்குக் கோபம்.

நான் சொல்ல வந்தது ரோஹிங்கியா மக்களைப் பற்றியல்ல. தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து திரும்பி வருகிற எங்கள் சொந்தச் சனத்தைப் பற்றி. மண்டபம், கும்மிடிப்பூண்டி, பவானிசாகர், கொட்டப்பட்டு என்று கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்துவிட்டு வருகிறார்கள். ஊரில் அவர்களுக்கு ஒரே பெயர்: "இந்தியாவால வந்த ஆக்கள்". வந்து பத்து வருடம் ஆனாலும் அதே பெயர்தான்.

"சொந்த ஊருக்குத்தானே வந்திருக்கினம், பிறகென்ன உதவி?" என்று ஒரு ஐயா என்னிடம் கேட்டார். 1990இல் படகேறிய தகப்பனுக்கு இது சொந்த ஊர், சரி. முகாமில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கலியாணம் கட்டிய மகளுக்கு? அவளுக்கு மாங்குளம் என்பது அம்மா சொன்ன கதை. அவள் புது நாட்டுக்குத்தான் வந்திருக்கிறாள்.

பேப்பர் விஷயத்தைப் பாருங்கள். 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு, தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால், அங்கே பிறந்ததற்காகக் குடியுரிமை கிடையாது. 2019இல் இந்தியா கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை அகதிகளுக்கு இடமில்லை. இலங்கைச் சட்டப்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும், பிந்தினால் மேலிடத்து அனுமதி வேண்டும். கூலி வேலைக்குப் போய் மாலைக்குள் முகாமுக்குத் திரும்பியவர்களில் எத்தனை பேர் அந்த ஒரு வருடத்துக்குள் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போயிருப்பார்கள்? ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போன்றவை ஓடித் திரிந்து பலருக்குப் பதிந்து கொடுத்தன. அப்படியும் அரைகுறைப் பேப்பரோடு வந்து இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். குடியுரிமைச் சான்றிதழ் இல்லையென்றால் அடையாள அட்டை இல்லை. அது இல்லையென்றால் வங்கிப் புத்தகத்துக்கும் அஸ்வெசும என்ற அரசாங்க உதவிக் காசுக்கும் வேலைக்கும் அலைச்சல்தான்.

ஒரு அலுவலகத்தில் என் முன்னால் நின்ற பெண்ணைச் சொல்கிறேன். கையில் தமிழ்நாட்டுத் துணிக்கடைப் பை, அதற்குள் கோப்பு. தகப்பன் பெயர் பிறப்புச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும், முகாம் அட்டையில் ஒரு மாதிரி, அவருடைய பழைய அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. மேசையில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே "அபிடவிட் முடிச்சுக்கொண்டு வாங்கோ" என்றார். அவளுக்கு அதை யாரிடம் முடிப்பது என்று தெரியாது. வெளியே வந்து பஸ் ஏறப் போனாள். அபிடவிட் என்ற சத்தியக் கடதாசியை உறுதிப்படுத்திக் கையெழுத்து வைக்கக்கூடிய சமாதான நீதவான் ஒருவரின் வீடு அவள் குடியிருக்கும் அதே ஒழுங்கையில்தான். பக்கத்து வீட்டுக்காரர்கூட அதைச் சொல்லியிருக்கவில்லை. இதற்கு எந்த நிறுவனத்தின் நிதியும் தேவையில்லை, ஊரில் ஒரு வாய் இருந்தால் போதும்.

பாடசாலையில் வேறு கூத்து. தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்பு முடித்த பையனை இங்கே ஓ.எல். (சாதாரண தர) வகுப்பில் இருத்துகிறோம். சமயம் கட்டாயப் பாடம், அவன் அங்கே அதைப் பாடமாகப் படித்ததே இல்லை. வரலாற்றில் அவனுக்குச் சோழர் தெரியும், அநுராதபுரம் தெரியாது. சிங்களத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. வாயைத் திறந்தால் மற்றப் பிள்ளைகள் அவன் பேசுவதைப் பேசிக் காட்டிச் சிரிக்கிறார்கள். இரண்டு மாதத்தில் மேசன் வேலைக்குப் போய்விடுகிறான். பிறகு "படிப்பில அக்கறையில்லாத சனம்" என்று நாங்களே சொல்வோம். ஏ.எல். (உயர்தரம்) முடித்து வீட்டில் இருக்கிற எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர்! பின்னேரம் ஒரு மணித்தியாலம் சொல்லிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

எல்லாவற்றிலும் சிக்கலானது காணி. வன்னியில் பெரும்பாலும் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணிதானே. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பெர்மிட்காரர் காணியில் இருந்து பயிர் செய்ய வேண்டும். முப்பது வருடம் ஆளில்லாத காணியில் இன்று வேறு குடும்பம். அவர்களும் இடம்பெயர்ந்து வந்தவர்கள்தான். யுத்தம் முடிந்து மீள்குடியேறியபோது, ஐந்தரை லட்சம் ரூபாய் இந்திய வீட்டுத் திட்டத்தில் அங்கேயே கட்டிவிட்டார்கள். பிந்தி வந்தவருக்கு வீட்டுத் திட்டமும் இல்லை, காணியும் இல்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காணி யாருக்கு என்று அதிகாரிகள் விசாரிக்கிற காணிக் கச்சேரியில், "இந்தப் பாலைமரத்துக்கு இங்கால இவையின்ர தகப்பன்தான் செய்தவர்" என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் ஊரில் உயிரோடு இருந்தும் வாய் திறப்பதில்லை. "ஏன் வம்பு" என்கிறார்கள். அவர்கள் வாய் திறந்தால் மாற்றுக் காணிக்காவது ஒரு வழி பிறக்கும்.

இது எங்களுக்குப் புதிதுமல்ல. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகச் சனம் அடிபட்டு இந்த மண்ணுக்கு வந்தது. டாக்டர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் காந்தியம் என்ற அமைப்பை வைத்து அவர்களைக் குடியேற்றினார்கள், பாலர் பாடசாலை நடத்தினார்கள். இராஜசுந்தரத்தை 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் அடித்துக் கொன்றார்கள். அவர்கள் செய்தது அது. மற்ற நாங்கள் என்ன செய்தோம்? வயலுக்கும் தோட்டத்துக்கும் மலிவுக் கூலியாக வைத்துக்கொண்டோம். வசைப் பெயர் வைத்தோம். கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம் பக்கம் போய், காணிப் பத்திரத்துக்கு எத்தனை வருடம் அலைந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அரசாங்கம் செய்ய வேண்டியது தனி. 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் உதவியோடு திரும்பி வந்த முதியவர் ஒருவரைப் பலாலி விமான நிலையத்தில் வைத்துக் கைது செய்தார்கள். அந்தக் காலத்தில் முறைப்படி நாட்டை விட்டுப் போகவில்லையாம்! குண்டு விழும்போது குடியகல்வு முத்திரை குத்தவா நின்றிருப்பார்? அதைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவு வேண்டும்.

"இஞ்ச இருக்கிற எங்களுக்கே ஒண்டுமில்லை" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். உண்மைதான். கடைசி வரை இங்கே நின்று எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு, "நீங்கள் தப்பிப் போனனீங்கள்தானே" என்ற கசப்பு இருக்கும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முகாமில் பிறந்த பிள்ளை எங்கிருந்தும் தப்பிப் போகவில்லை.

நான் கேட்பது காசல்ல. ஒரு குடும்பம் வந்தால் முதல் ஒரு வருடத்துக்கு ஊரில் ஓர் ஆள் பொறுப்பு. கிராம சேவையாளரிடம், பிரதேச செயலகத்துக்கு, பாடசாலைக்கு, வங்கிக்குக் கூடப் போக வேண்டும். பஸ் காசைச் சங்கம் கொடுக்கட்டும். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கோயில் நிர்வாகம் மூன்றிலும் அரைவாசி ஒரே ஆட்கள்தான் (எங்கள் ஊரில் மட்டுமா?), ஆகவே முடிவெடுக்க ஒரு கூட்டம் போதும். மரண சகாயச் சங்கத்திலும் சீட்டிலும் அவர்களையும் சேருங்கள்.

அப்புறம் ஒன்று. திருவிழாவுக்கு முன் கோயிலுக்குப் பெயிண்ட் அடிக்க ஒவ்வொரு முறையும் யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் பிடிக்கிறோம். தமிழ்நாட்டில் வருடக்கணக்காகப் பெயிண்ட் அடித்த கை எங்கள் ஊரிலேயே வேலையில்லாமல் இருக்கிறது. இந்த முறை அவரைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்தாருக்குக் கொடுத்த அதே கூலியைக் கொடுங்கள்.