பித்தளை டம்ளரை எடுத்துப் போனவர்கள் பாலை விட்டுவிட்டார்கள்

ஜி.எஸ்.டி. சாலையில் போனாலும் சரி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனாலும் சரி, ‘கும்பகோணம் டிகிரி காபி’ போர்டு கண்ணில் படாமல் தப்ப முடியாது. கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் “இதெல்லாம் நிஜமாவே உங்க ஊர் காபிதானா?” என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதை மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர்ப் பெயரை வைத்துப் பிழைக்கிறார்கள் என்பதில் எனக்குக் கோபம் இல்லை. திருநெல்வேலி அல்வாவும் மணப்பாறை முறுக்கும் ஊரை விட்டு வெளியே வந்துதான் பேர் வாங்கின. என் வருத்தம் வேறு. பெயரை எடுத்துப் போனவர்கள் பித்தளை டம்ளரையும் டபராவையும் கூடவே கொண்டுபோனார்கள், பாலை மட்டும் இங்கேயே விட்டுவிட்டார்கள். நான் குடித்து வளர்ந்த கடைகள் பலவற்றில் எவர்சில்வர் டம்ளர்தான். அந்தக் காபிக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

காபிக்கொட்டை எங்கள் ஊரில் விளைவதில்லை. குடகு, சிக்மகளூர், ஏற்காடு, கொடைக்கானல் பக்கத்து மலைகளிலிருந்து வருகிறது. பீபெரி, பிளான்டேஷன், கொஞ்சம் ரொபஸ்டா என்ற கொட்டை வகைகளோடு சிக்கரி என்னும் வேர்ப்பொடியும் கலந்து அரைத்துத் தரும் கடை எல்லா ஊரிலும் உண்டு. சிக்கரி கலந்த பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அந்த எல்லை வரைக்கும் போய் நிற்கிற பொடிகளும் சந்தையில் இருக்கின்றன. எங்கள் வீட்டில் 80க்கு 20. ஃபில்டரில் பொடியைப் போட்டு லேசாக அமுக்கி, கொதிநீரை ஊற்றி மூடிவிட்டு, தட்டாமல் ஆட்டாமல் கால் மணி, இருபது நிமிஷம் விட்டால் முதல் டிகாக்‌ஷன் இறங்கிவிடும். இதைச் சென்னையிலும் மதுரையிலும் பெங்களூரிலும் எத்தனையோ வீடுகளில் எங்களைவிட நன்றாகவே செய்கிறார்கள்.

பால்தான் எங்கள் ஊர் விஷயம். அந்தக் காலத்தில் லட்சுமி விலாஸ் காபி கிளப் நடத்திய பஞ்சாபிகேச ஐயர் சொந்தமாக மாடு வைத்துக் கறந்த பாலில் காபி போட்டார் என்று ஊரில் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தப் பேச்சில் பொடியைப் பற்றி ஒரு வார்த்தை வராது, மாட்டைப் பற்றித்தான் வரும். கறந்து சில மணி நேரத்துக்குள் அடுப்பேறிய பசும்பால், சொட்டுத் தண்ணீர் சேராதது, ஒரே ஒரு தடவை பொங்கி இறங்கியது. “கள்ளிச்சொட்டாட்டம் பால்” என்பார் எங்கள் பாட்டி, கள்ளிச்செடிப் பால் போல அவ்வளவு கெட்டி என்று. அந்தப் பாலில் டிகாக்‌ஷன் விழுந்ததும் ஒரு நிறம் வரும், அதைப் பார்த்தே சர்க்கரை எவ்வளவு போடலாம் என்று சொல்லிவிடுவார்.

நெடுஞ்சாலைக் கடையில் பால் காலையிலிருந்து அடுப்பிலேயே கிடக்கிறது. சுண்டச் சுண்ட அதில் பால்கோவா வாசம் ஏறிவிடும். குடிக்க நன்றாகத்தான் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காபியின் கசப்பும் வாசமும் அதற்குள் அமுங்கிப்போகும். அப்புறம் அதைத் தூக்கி நிறுத்தச் சர்க்கரையை அள்ளிப் போட வேண்டியதுதான்.

டிகிரி காபியில் ‘டிகிரி’ என்ன என்று கேட்டால், பாலை அளக்கும் லாக்டோமீட்டர் காட்டும் டிகிரி என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கருவி பாலின் அடர்த்தியைத்தான் பார்க்கிறது. நல்ல பசும்பாலில் 28லிருந்து 32க்குள் நிற்கும். தண்ணீர் ஊற்றினால் அளவு இறங்கும், ஆடையை எடுத்துவிட்டால் ஏறும். இரண்டையும் கணக்காகச் செய்தால் கருவி ஒன்றும் தெரியாமல் சரியான அளவையே காட்டும். ஆகவே யாரிடம் பால் வாங்குகிறோம், அவர் வீட்டு மாடு என்ன தின்கிறது என்று தெரிந்திருப்பதுதான் அந்தக் காலத்து உத்தரவாதம். பால்காரரும் கடைக்காரரும் ஒருவருக்கொருவர் முகம் தெரிந்தவர்களாக இருந்தார்கள்.

மாடு தின்றது வைக்கோல். காபியைப் பற்றிப் பேச உட்கார்ந்தவன் வைக்கோலுக்கு ஏன் போகிறான் என்று நினைக்காதீர்கள், எனக்கு இதுதான் முக்கியம். காவிரியும் அரசலாறும் பாயும் ஊர் இது. சுற்றிலும் நெல். ஆள் வைத்து அறுத்துக் களத்தில் அடித்த காலத்தில் தாள் நீளமாக, முழுசாகக் கிடைத்தது. கொல்லையில் போர் போட்டால் வருஷம் முழுக்க மாட்டுக்கு ஆகும். இப்போது அறுவடை இயந்திரம் போகிற வேகத்தில் தாள் நசுங்கி வயலில் சிதறுகிறது. பின்னாலேயே இன்னொரு இயந்திரம் வந்து அதைக் கட்டாகச் சுருட்டுகிறது. கட்டு லாரி ஏறி வெளி மாவட்டங்களுக்கும் கேரளாவுக்கும் போகிறது. அறுவடை சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால் அதுவும் அழுகிப்போகும். நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டே மாட்டுக்கு வைக்கோலைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. தவிடு, புண்ணாக்கு விலை வேறு. எங்கள் தெருவில் கன்றுக்குட்டி கட்டியிருந்த கொட்டகைகளில் இப்போது பைக் நிற்கிறது.

விவசாயியை நான் குறை சொல்லவே மாட்டேன். அறுக்க ஆள் கிடைக்காமல், வானம் இருட்டிக்கொண்டு வரும்போது இயந்திரம் இல்லாவிட்டால் அவருடைய கதி என்ன? பாக்கெட் பாலையும் திட்ட மாட்டேன். இத்தனை லட்சம் வீடுகளுக்குத் தினமும் விடிவதற்குள் பால் போய்ச் சேர்வது பெரிய காரியம். ஆவினில் நீல பாக்கெட் என்றால் 3 சதவீதம் கொழுப்பு, ஆரஞ்சு என்றால் 6. வெளியூரில் இருந்துகொண்டு எங்கள் ஊர்க் காபி மாதிரி வேண்டும் என்பவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான்: நீலத்தைச் சுண்டக் காய்ச்சாதீர்கள். ஆரஞ்சை வாங்கித் தண்ணீர் விடாமல் ஒரு தடவை பொங்கவிட்டு உடனே கலந்து குடியுங்கள்.

டிபனைச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கடப்பா! பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காயும் பொட்டுக்கடலையும் கசகசாவும் சோம்பும் பச்சை மிளகாயும் அரைத்துவிட்டு, பட்டை கிராம்பு தாளித்து, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்தது. மிளகாய்த்தூள் போடாததால் வெளுப்பாக இருக்கும். பார்த்தால் சாதுவாகத் தெரியும், தொட்டு இட்லியை வாயில் வைத்தால்தான் தெரியும். தினமும் கிடைக்காது, கடைக்குக் கடை நாள் மாறும், ஞாயிற்றுக்கிழமை என்றால் அநேகமாக உண்டு. கும்பேஸ்வரன் கோயிலை ஒட்டிய மங்களாம்பிகா போன்ற பழைய கடைகளுக்குப் போகிறவர்கள், உட்காருவதற்கு முன் ‘இன்னைக்குக் கடப்பா உண்டா’ என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். அந்தச் சோம்பு வாசத்துக்கு மேல் ஒரு ஸ்ட்ராங் காபி, சர்க்கரை கம்மியாக. நெடுஞ்சாலைக் கடைகளில் கடப்பாவை நான் பார்த்ததில்லை. டம்ளரைக் காரில் தூக்கிக்கொண்டு போகலாம், கடப்பாவுக்குச் சமைக்கத் தெரிந்த ஆள் வேண்டுமே.

இந்தப் பழைய காபி கிளப்புகளைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அந்தக் காபி எல்லோருக்கும் கிடைத்ததில்லை. தமிழ்நாட்டு ஓட்டல்களில் ‘பிராமணாள்’ என்று போர்டு தொங்கியது, யார் எங்கே உட்காரலாம் என்று சாதி சொன்னது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் பெரியார் அறிவித்த மறியல் மாதக்கணக்கில் நடந்தது, அதில் எத்தனையோ பேர் சிறைக்குப் போனார்கள். இன்று எங்கள் ஊர்க் கடையில் கீரை விற்க வந்த அம்மாவும் கோயிலுக்கு வந்த குடும்பமும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து குடிக்கிறார்கள் என்றால், அதைக் கடைக்காரர்கள் தாமாகக் கொடுத்துவிடவில்லை. பழைய காபியை நினைத்து ஏங்கும்போது எனக்கு வேண்டியது அந்தப் பால் மட்டும்தான், அந்தக் காலம் இல்லை.

2025இல் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். அதிலிருந்து டிகிரி காபிக்கும் வாங்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். வாங்கட்டும். ஆனால் டம்ளருக்கும் பெயருக்கும் வாங்கிப் பயனில்லை. எங்கள் சுற்று வட்டாரத்தில் கறந்த பசும்பால், தண்ணீர் சேராதது, அன்றைக்கே காய்ச்சியது என்று விதியில் எழுதி, அந்தப் பாலுக்கு மாடு வளர்ப்பவருக்கு இன்னின்ன விலை என்றும் சேர்த்து எழுதினால்தான் நான் கை தூக்குவேன். மாட்டைக் கொட்டகையில் நிறுத்தும் வழி அது ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது. அப்படி எழுதினால் நெடுஞ்சாலையில் மட்டும் இல்லை, எங்கள் ஊருக்குள்ளேயே சில கடைகள் போர்டை இறக்க வேண்டி வரும். இறக்கட்டும்.