நைரோபி பூங்கா: யானையும் வேலியும்

“கென்யாவின் நைரோபி தேசியப் பூங்கா சுற்றிலும் வேலி போட்ட மிருகக்காட்சிசாலை, யானையும் பார்க்கலாம்” என்று சிலர் சொல்வது தவறு.

பூங்காவின் பரப்பு 117 சதுர கிலோமீட்டர்தான், 1946இல் தொடங்கியது. வேலி இருப்பது நகரத்தை ஒட்டிய பக்கங்களில். தெற்கே எம்பகாத்தி ஆறுதான் எல்லை. மழை பெய்ததும் வரிக்குதிரை, வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்) கூட்டங்கள் ஆற்றைக் கடந்து கிட்டெங்கேலா பக்கப் புல்வெளிக்குப் போகும். மழையில்லாத காலத்தில் பூங்காவின் உள்ளேயுள்ள சிற்றணைகளில் தண்ணீர் நிற்பதால் திரும்பிவரும். அதனால் மந்தை பார்க்க ஆகஸ்ட், செப்டம்பர் நல்லது. தெற்கே நிலம் துண்டுதுண்டாகி வேலி முளைப்பதால் இந்தப் போக்குவரத்து குறைந்துவருகிறது. உண்மையான கவலை அதுதான்.

சிங்கம், காண்டாமிருகம், எருமை எல்லாம் உண்டு, காட்டு யானை கிடையாது. படங்களில் வரும் யானைக்குட்டிகள் பூங்காவின் ஓரத்திலுள்ள, தாயை இழந்த குட்டிகளுக்கான ஷெல்ட்ரிக் காப்பகத்தில் வளர்பவை. அதற்குத் தனியாக முன்பதிவு வேண்டும். கூண்டு விலங்குகள் இருப்பது முதன்மை வாயில் அருகேயுள்ள அனாதை விலங்குக் காப்பகத்தில். குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.